நாம் சொன்ன பதிலை மறக்காத விளையாட்டுகள்

வாசகர் கேள்வி – பதில்: கணினிப் பக்கம்

கேள்வி: ஐயா, வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஒரு செம்பனை ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கிறேன், வயது நாற்பத்தைந்து. இளமையில் ஊரிலிருந்த சைபர் கஃபேயில் விளையாடியதோடு சரி. இப்போது என் மகன் தன்னுடைய பழைய மடிக்கணினியை எனக்குத் தந்திருக்கிறான். அவன் விளையாடும் புதிய ஆட்டம் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். அதில் வரும் ஊர்த்தலைவரிடம் ‘உதவுகிறேன்’ என்றேன். இன்னொரு முறை ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்றேன். மூன்றாம் முறை ‘முடியாது’ என்றேன். மூன்று முறையும் அவர் ஒரே வசனத்தைத்தான் சொன்னார். நம்முடைய தெரிவுகளுக்கு உண்மையிலேயே பொருள் இருக்கின்ற பழைய ஆர்பிஜி விளையாட்டுகள், அதாவது ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் கதை விளையாட்டுகள், எவை? எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: உங்களிடம் அந்த ஊர்த்தலைவர் நடந்துகொண்ட விதம் எனக்கு வியப்பளிக்கவில்லை; கேள்வி கேட்பார், பதிலைக் காதில் வாங்கமாட்டார். பெட்டியின் மேல் ‘பத்துக் கதைமுடிவுகள்’ என்று அச்சடித்துவிட்டால் தெரிவுகளுக்குப் பொருள் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். கடைசிக் கால்மணி நேரத்தில் மூன்று பொத்தான்களைக் காட்டி ஒன்றை அழுத்தச் சொல்லும் விளையாட்டுக்கும், முதல் நாள் நாம் ஒரு கிழவரிடம் பேசிய பேச்சை இருபது மணி நேரம் கழித்து இன்னொருவர் வாயால் நமக்கே திருப்பிச் சொல்லும் விளையாட்டுக்கும் வேறுபாடு உண்டு. நான் ஒரு விளையாட்டைப் பரிந்துரைக்கும் முன் பார்ப்பது இரண்டே விஷயங்கள்: நாம் செய்ததை அது நினைவில் வைத்திருக்கிறதா, நாம் ஒன்றை எடுக்கும்போது இன்னொன்றை இழக்க வைக்கிறதா என்பவைதாம் அவை.

அந்தக் கணக்கில் நீங்கள் தொடங்க வேண்டியது 1997-இல் இன்டர்பிளே நிறுவனம் வெளியிட்ட ஃபால்அவுட். அணுப்போருக்குப் பின் நிலத்தடியில் அடைபட்டு வாழும் மக்களின் கதை அது. ‘வால்ட் 13’ என்னும் அந்தப் பாதாளக் காப்பகத்தில் குடிநீரைச் சுத்திகரிக்கும் சில்லு பழுதாகிவிடுகிறது. இன்னொரு சில்லைத் தேடிக் கொண்டுவர உங்களை வெளியே அனுப்புகிறார்கள். உங்களுக்குக் கிடைப்பது 150 நாள். இந்த 150 நாள் என்பது வெறும் வாய்ப்பேச்சாக இல்லாமல் உண்மையாகவே நாள்காட்டியில் கழிந்துகொண்டிருக்கும். வரைபடத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நடந்தால் நாள்கள் குறையும். காயத்துக்கு ஓய்வெடுத்தாலும் குறையும்.

தண்ணீரைப் பற்றிய கதை என்பதால்தானோ என்னவோ, தோட்டத்தில் வளர்ந்த என்னை அது சட்டென்று பிடித்துக்கொண்டது. எங்கள் தோட்டத்தில் லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகள் இரண்டு; மேட்டில் ஒரு லயமும் பள்ளத்தில் ஒரு லயமும் இருந்தன. லயத்துக்கு ஒரு பொதுக்குழாய்தான். விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் கிளம்பும் நேரத்தில் பள்ளத்து லயத்தார் குழாயை முழுதாகத் திறந்தால் மேட்டு லயத்துக் குழாயில் காற்றுதான் வரும். அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு, குழாயின் வாயில் காதை வைத்துக் கேட்டு, ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’ என்று சொல்வார். நமக்கு வரும் தண்ணீர் யாரோ ஒருவருக்கு வராத தண்ணீர் என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரியும்.

ஃபால்அவுட்டில் நெக்ரோபாலிஸ் என்று ஓர் ஊர் வருகிறது. கதிர்வீச்சில் தோல் அழுகியும் சாகாமல் வாழ்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். விளையாட்டு அவர்களைக் கூல்கள் என்று அழைக்கிறது. நீங்கள் ஊர் ஊராகத் தேடிய சில்லு அந்த ஊருக்கு அடியிலுள்ள காப்பகத்தில், அவர்களுடைய தண்ணீரைச் சுத்திகரித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பிடுங்கிக்கொண்டு போனால் உங்கள் மக்கள் பிழைப்பார்கள், அவர்கள் தாகத்தில் வாடுவார்கள். பாதாளச் சாக்கடைக்குள் ஒளிந்து வாழும் சில கூல்களிடம் பொறுமையாகப் பேசினால், பழுதாகிக் கிடக்கும் நீரேற்றும் பம்பைச் சரிசெய்து கொடுத்துவிட்டுச் சில்லை எடுத்துப்போகலாம் என்பது தெரியவரும். அதற்கு உதிரிப் பொருள்களைத் தேடி எடுக்க வேண்டும், பழுதுபார்க்கும் திறனும் வேண்டும், நாள்களோ ஓடிக்கொண்டிருக்கின்றன. பம்பைத் தொடாமல் சில்லை உருவிக்கொண்டு கிளம்பினாலும் விளையாட்டு உங்களைத் தடுக்காது, திட்டவும் திட்டாது. இந்த மௌனத்தை நான் இந்த விளையாட்டின் மிகப் பெரிய நாகரிகமாகக் கருதுகிறேன்.

இன்னொரு வழியும் உண்டு. ஹப் என்னும் வணிக நகரத்தில் தண்ணீர் வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காசு கொடுத்து உங்கள் காப்பகத்துக்குத் தண்ணீர் வண்டி அனுப்பச் சொன்னால் மேலும் 100 நாள் அவகாசம் கிடைக்கும். நல்ல யோசனை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த வண்டித்தடமே உங்கள் காப்பகம் இருக்கும் இடத்தை வெளியே காட்டிக் கொடுத்துவிடும். முதலில் வெளியான பதிப்பில், எதிரிப்படை காப்பகத்தைக் கண்டுபிடிக்கும் நாள் இதனால் முன்தள்ளி வந்தது. அவசரத்தில் வட்டிக்கு வாங்கிவிட்டுப் பிறகு கணக்குப் பார்ப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கடைசியில், நீங்கள் கடந்து வந்த ஊர்களில் சிலவற்றுக்கு என்ன ஆனது என்று ஒவ்வொன்றாகப் படம் காட்டி, ஒரு குரல் கதை சொல்லும். இறுதி எதிரியைத் துப்பாக்கி தூக்காமல், முன்கூட்டியே தேடி வைத்துக்கொண்ட ஒரு சான்றைக் காட்டி, வாதத்தாலேயே வீழ்த்தவும் முடியும். அது என்ன சான்று என்பதை நான் சொல்லமாட்டேன். பாத்திரத்தை உருவாக்கும்போது அறிவுத்திறனை மிகவும் குறைவாக வைத்தால், அவரால் முழு வாக்கியம் பேசவே முடியாமல் உறுமலும் முனகலுமாகவே விளையாட்டு நகரும் என்பது ஒரு வேடிக்கை. முதல் ஆட்டத்தில் அதைச் செய்யாதீர்கள். குறையும் உண்டு. உங்களோடு வரும் இயன் என்னும் துணைவரின் கையில் சரமாரியாகச் சுடும் துப்பாக்கியைக் கொடுத்தால், எதிரியைவிட உங்கள் முதுகில்தான் அதிகக் குண்டுகள் பாயும்.

இரண்டாவதாக விளையாட வேண்டியது 1999-இல் வந்த பிளேன்ஸ்கேப்: டார்மென்ட். இதை முதலில் பரிந்துரைக்கும் நண்பர்கள் பலர் உண்டு. அவர்களோடு நான் உடன்படுவதில்லை. ஏறத்தாழ 8 லட்சம் சொற்கள் கொண்டது என்று பொதுவாகச் சொல்லப்படும் விளையாட்டு இது. இரவு ஷிப்டு முடிந்து வந்து திறந்தால் பத்தாவது நிமிடத்தில் கண்ணைச் சொக்கும். ஃபால்அவுட்டை முடித்துவிட்டு, படிக்கும் பொறுமை வந்த பிறகு இதற்குள் இறங்குங்கள்.

பெயரும் நினைவும் இல்லாத ஒருவர் ஒரு பிணக்கிடங்கில் கண் விழிக்கிறார். அவர் செத்தாலும் மீண்டும் எழுந்துவிடுவார். இதற்கு முன் எத்தனையோ பிறவிகளாக வாழ்ந்திருக்கிறார். முந்தைய பிறவிகளில் அவர் ஏமாற்றியவர்களும் நேசித்தவர்களும் அடிமையாக்கியவர்களும் இப்போது எதிரே வந்து நிற்கிறார்கள். டக்கோன் என்னும் வாள்வீரர் உங்களோடு வருவதற்குக் காரணமே, முந்தைய பிறவியில் நீங்கள் அவரை ஒரு சத்தியத்தில் கட்டிப்போட்ட சூழ்ச்சிதான். நீங்கள் எடுக்காத முடிவுக்கு நீங்களே பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. ஊழ்வினையைப் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கதையமைப்பு அமெரிக்க விளையாட்டுக்காரர்களைவிட எளிதாகவே விளங்கும் என்பது என் எண்ணம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. உரையாடலில் சில இடங்களில் ஒரே வாக்கியம் இரண்டு முறை வரிசையில் நிற்கும். ஒன்றின் முன்னால் ‘உண்மை’ என்றும் மற்றொன்றின் முன்னால் ‘பொய்’ என்றும் குறிப்பு இருக்கும். ‘உனக்கு உதவுவேன்’ என்று உண்மையாகச் சொல்கிறீர்களா, பொய்யாகச் சொல்கிறீர்களா? எதிரே நிற்பவருக்கு இரண்டும் ஒரே சொல்லாகத்தான் கேட்கும்; அந்தக் கணத்தில் கதையும் மாறுவதில்லை. ஆனால் உங்கள் மனத்தில் இருந்தது எது என்று விளையாட்டு குறித்துக்கொள்கிறது. நல்லவரும் கெட்டவருமல்லாத நடுநிலையில் தொடங்கும் உங்கள் பாத்திரத்தின் குணம் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக உருவாகிறது. வாயால் சொன்னதையும் மனத்தால் நினைத்ததையும் பிரித்துப் பார்க்கும் விளையாட்டை நான் அதற்கு முன் கண்டதில்லை. விவேகம், அறிவு, வசீகரம் ஆகியவற்றுக்கு மதிப்பெண்களைத் தாராளமாகக் கொடுத்து ஆடுங்கள். சண்டை இதில் சுமார்தான், பேச்சில்தான் உயிர் இருக்கிறது.

மூன்றாவது, 2001-இல் வந்த, டிராய்கா நிறுவனம் உருவாக்கிய ஆர்கேனம். மாயமந்திரமும் நீராவி இயந்திரமும் ஒன்றுக்கொன்று பகையாக இருக்கும் உலகம் அது. நீங்கள் இயந்திரத்தின் பக்கம் சாயச் சாய, உங்களைக் குணப்படுத்த வரும் மந்திரம் உங்கள் உடம்பில் பலிக்காமல் போகும். சண்டை சீரற்றது, பிழைகளும் மிகுதி. இருந்தாலும், பாத்திரத்தை உருவாக்கும் பக்கத்தில் எடுக்கும் முடிவு கடைசி வரை கூடவே வருவதற்கு இது நல்ல சான்று. 1998-இலும் 2000-த்திலும் வந்த பால்டர்ஸ் கேட் இரண்டு பாகங்களும் மிகச் சிறந்தவை, நானும் பல இரவுகளை அவற்றுக்குக் கொடுத்திருக்கிறேன்; ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அவை முதல் வரிசைப் பதிலாகா. அங்கே சாகசம் தடிமன், தெரிவு மெலிது.

ஸ்டார் வார்ஸ் கதையுலகில் 2003-இல் வந்த நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் ஏன் இல்லை என்று யாராவது கேட்பார்கள். நன்மை தீமையை ஓர் அளவுகோலில் ஏற்றி இறக்கிக் காட்டும் விளையாட்டு அது. பிச்சைக்காரருக்குக் காசு போட்டால் இரண்டு புள்ளி, விரட்டினால் மைனஸ் இரண்டு என்ற பாணி. அப்படிப்பட்ட இடத்தில் நாம் முடிவெடுப்பதில்லை, புள்ளி சேர்க்கிறோம். 2004-இல் அப்சிடியன் நிறுவனம் செய்த இரண்டாம் பாகம் அதையே கேள்வி கேட்டது. நார் ஷடா என்னும் இடத்தில் ஒருவர் உங்களிடம் காசு கேட்கிறார். கொடுத்தால், அதைப் பிடுங்குவதற்காக இன்னொருவர் அவரைத் தாக்குகிறார். மறுத்தால், அவரே போய் வேறொருவரைத் தாக்குகிறார். எது செய்தாலும் கிரேயா என்னும் மூதாட்டி உங்களை வாங்கு வாங்கென்று வாங்குவார். அந்த ஒரு காட்சிக்காகவே இரண்டாம் பாகத்தை விளையாடலாம். அவசரத்தில் வெட்டப்பட்ட பகுதிகளை ரசிகர்களே மீட்டுச் சேர்த்த பதிப்பு உண்டு, அதை நிறுவிக்கொண்டு ஆடுவது நல்லது.

மடிக்கணினியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஃபால்அவுட் 16 எம்பி நினைவகத்தில் ஓடிய விளையாட்டு. ஜிஓஜி, ஸ்டீம் ஆகிய இரண்டு இணையக் கடைகளிலும் இவை கிடைக்கின்றன. சலுகைக் காலத்தில் காத்திருந்து வாங்கினால் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் ஒரு முறை சாப்பிடும் செலவுதான் ஆகும். பிளேன்ஸ்கேப்புக்கு 2017-இல் வந்த மேம்படுத்தப்பட்ட பதிப்பு கைப்பேசியிலும் உண்டு, எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக்கொள்ளவும் முடியும். நம் வயதுக்கு அது சிறிய வசதி இல்லை.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் பகாவில் ஒரு தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வேலை செய்கிறேன். என் மகன் படிவம் இரண்டில் படிக்கிறான். ‘இந்த விளையாட்டில் கெட்டவனாகவும் இருக்கலாம் அம்மா’ என்று பெருமையாகச் சொல்கிறான். கெட்டவனாக இருக்க வாய்ப்புக் கொடுக்கும் விளையாட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? தமிழில் இப்படி ஏதாவது உண்டா?

பதில்: அம்மா, மேலே சொன்னவற்றில் ஃபால்அவுட்டை உங்கள் மகனுக்கு இப்போது கொடுக்க வேண்டாம். அதில் குழந்தைகள் மீதுகூடக் கை வைக்க முடியும். அதனாலேயே ஐரோப்பியப் பதிப்பில் குழந்தைப் பாத்திரங்களையே மறைத்துவிட்டார்கள். 2004-இல் வந்த வேம்பயர்: தி மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ் என்னும் விளையாட்டு தெரிவுகளில் மிக வளமானது, மால்கேவியன் என்னும் குலத்தைச் சேர்ந்த பாத்திரத்தை எடுத்தால் நம் வசனங்கள் எல்லாமே பித்தர் பேச்சாக மாறிவிடும். அதுவும் பெரியவர்களுக்கு உரியதே, வீட்டில் இருந்தால் பூட்டி வையுங்கள்.

பதிலாக, 1985-இல் ரிச்சர்டு கேரியட் உருவாக்கிய அல்டிமா 4-ஐக் கொடுத்துப் பாருங்கள். ஜிஓஜியில் அது இலவசம். படங்கள் கட்டம் கட்டமாக, மிகப் பழைய பாணியில் இருக்கும். பையன் முதலில் சிரிப்பான், சிரிக்கட்டும். இதில் உலகை அழிக்க வரும் அரக்கன் என்று யாரும் இல்லை. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு ஆகிய எட்டுக் குணங்களில் தேறி வருவதுதான் விளையாட்டே.

தொடக்கத்தில் ஒரு குறிசொல்லும் பெண் கேள்விகள் கேட்பார். ஒவ்வொரு கேள்வியிலும் இரண்டு நற்குணங்கள் மோதும், எது பெரிது என்று நாம் சொல்ல வேண்டும். பிறகு நாட்டுக்குள் போனால், மூலிகை விற்கும் பார்வையற்ற கடைக்காரரைச் சந்திப்போம். மூலிகையின் விலையை அவர் சொல்லுவார். எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை நாம்தான் தட்டச்சு செய்ய வேண்டும். குறைத்துக் கொடுத்தாலும் அவர் நன்றி சொல்லி மூலிகையைத் தந்துவிடுவார். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. நேர்மையின் கணக்கு மட்டும் உள்ளுக்குள் இறங்கியிருக்கும். அரண்மனையில் இருக்கும் ஹாக்விண்ட் என்னும் ஞானியிடம் போய்க் கேட்கும்போதுதான் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். பையன் அந்தக் கடைக்கு வரும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம். அவன் எவ்வளவு கொடுத்தான் என்றும் கேட்க வேண்டாம்.

கெட்டவனாக இருக்கும் வாய்ப்பே இல்லாத விளையாட்டில் நல்லவனாக இருப்பதற்கும் மதிப்பு இல்லை என்பதே என் கருத்து. ஆனால் எந்த வயதில் எந்த வாய்ப்பு என்பதை வீட்டில் இருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் தள்ளி இருந்து எழுதுகிறவன்.

இந்தப் பழைய விளையாட்டுகள் எவையும் தமிழில் இல்லை. பிளேன்ஸ்கேப்பின் ஆங்கிலத்தில் பழைய லண்டன் தெருப்பேச்சு வேறு கலந்திருக்கும், அகராதியும் கைகொடுக்காது. அல்டிமா 4-இல் ஊர் மக்களிடம் ‘பெயர்’, ‘வேலை’ என்று ஒற்றைச் சொல்லைத் தட்டிக் கேட்கும் முறைதான் என்பதால், படிவம் இரண்டின் ஆங்கிலமே போதும்.

கேள்வி: தஞ்சோங் மாலிமில் கல்லூரியில் படிக்கிறேன் ஐயா. தவறான பதிலைச் சொல்லிவிட்டால், சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பி வேறு பதில் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். இது ஏமாற்று வேலை என்கிறான் என் அறைத்தோழன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: தம்பி, காசு கொடுத்து வாங்கியவர் நீங்கள், எப்படி வேண்டுமானாலும் ஆடலாம். விளையாட்டைச் செய்தவர்களுக்கு இந்தப் பழக்கம் தெரியாமல் இல்லை. 2007-இல் போலந்திலிருந்து வந்த தி விட்சர் இதற்கு ஒரு மாற்று வைத்தது. முதல் அத்தியாயத்தில் ஆற்றங்கரையில் ஒரு வியாபாரியின் பெட்டிகளை இரவெல்லாம் காவல் காக்கிறீர்கள். எல்ஃப் என்னும் கற்பனை இனத்துக் கிளர்ச்சியாளர்கள் வந்து பெட்டிகளைக் கேட்கிறார்கள். கொடுக்கலாம், கொடுக்காமல் சண்டையிடலாம். இரண்டாலும் அப்போதைக்கு ஒன்றும் ஆகாது. பெட்டிகளைக் கொடுத்திருந்தால், பல மணி நேரம் ஆடி அடுத்த அத்தியாயத்துக்குப் போன பிறகு, உங்களுக்குத் தேவைப்படும் ஓர் ஆளை அந்தக் கிளர்ச்சியாளர்கள் கொன்றுபோட்டிருப்பார்கள். பெட்டிக்குள் இருந்தது ஆயுதம் என்பது அப்போதுதான் உறைக்கும். திரும்பிப் போக வேண்டுமானால் அந்தப் பல மணி நேரத்தையும் கைவிட வேண்டும். யாருக்கு மனம் வரும்?

எனக்குத் திரும்பிப் போகும் வசதியே இருந்ததில்லை. நான் ஃபால்அவுட்டை விளையாடியது சைபர் கஃபேயில், மணிக்கு இரண்டு வெள்ளி கொடுத்து. அந்த விளையாட்டில் சேமித்து வைக்க மொத்தம் பத்து இடங்கள்தாம்; ஒரே கணினியில் ஆடியவர்களோ பதினைந்து பேருக்கு மேல். பெயர் எழுதி வைத்தாலும் யாரும் மதிக்கமாட்டார்கள். ஒரு சனிக்கிழமை போய்த் திறந்தபோது என் இடத்தில் வேறு யாரோ சேமித்திருந்தார்கள். கோபத்தோடு அதையே திறந்தேன். அவருடைய ஆள் நெக்ரோபாலிஸில், காப்பகத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். பையைத் திறந்து பார்த்தேன். தண்ணீர்ச் சில்லு உள்ளே இருந்தது. அதற்குக் கீழே, பம்புக்கு வேண்டிய உதிரிப் பொருள்களும் அப்படியே இருந்தன. சாக்கடை வரை இறங்கி, தேடி எடுத்து, பயன்படுத்தாமல் கிளம்பியிருக்கிறார். பழுதுபார்க்கும் திறன் போதவில்லையா, நேரம் முடிந்து கடைக்காரர் எழுப்பிவிட்டாரா, தெரியவில்லை.

என் ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கவில்லை. அவருடைய ஆளை நடத்திக்கொண்டு திரும்பப் போய், பம்பின் முன் நிறுத்தி, அந்தத் திறனை வைத்துத் திரும்பத் திரும்ப முயன்றேன். ஐந்தாவதா ஆறாவதா முயற்சியில் அது ஓடியது. அதே இடத்தில் சேமித்துவிட்டு, இரண்டு வெள்ளியைக் கொடுத்துவிட்டு, கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடினேன்.